கட்டியைத் தேடும் ஒலியும் ஒளியும்: பரேலில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

மும்பை மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் மெஷின்களைப் பராமரிப்பது என் வேலை. குடியிருப்பது சயான் கோலிவாடாவில். தாராவி, ஆன்டாப் ஹில்லிலிருந்தும், ரயிலேறித் திருநெல்வேலி, விழுப்புரம் பக்கமிருந்தும் டாடா மெமோரியல் கேன்சர் மருத்துவமனை உள்ள பரேலுக்கு வைத்தியத்துக்கு வருகிற நம்மவர்களுக்கு இந்தியோ மராத்தியோ பேச ஆள் வேண்டுமென்றால் கூடப் போவேன். வரிசையில் காத்திருக்கும்போது அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, "சவுண்டும் லைட்டும் வெச்சே கட்டியைக் கண்டுபிடிக்கிறாங்களாமே, நமக்கும் அதையே பண்ணச் சொல்லு" என்பவர்கள் அதிகம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மெஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தவள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

அக்கா, சோனோகிராஃபி அடிக்கடி எடுத்தா உடம்புல கதிர்வீச்சு ஏறாதா?

ஏறாது. சோனோகிராஃபி என்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் கிடையாது, வெறும் ஒலிதான். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். மார்பகத்தைப் பார்க்கத் தோலில் வைக்கும் ப்ரோப் என்ற கைக்கருவி அனுப்புவது சுமார் 1 கோடி ஹெர்ட்ஸ் ஒலி. தசையிலும் கொழுப்பிலும் அது விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. 2 செ.மீ. ஆழத்தில் ஏதாவது தட்டுப்பட்டால், ஒரு விநாடியை 10 லட்சம் பங்காக்கினால் அதில் 26 பங்கு நேரத்திற்குள் எதிரொலி திரும்பிவிடும். அந்த நேரத்தை வைத்தே மெஷின் ஆழத்தைக் கணக்கிடுகிறது. இந்த நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளிர்ச்சியாக ஜெல் தடவுவதற்கும் காரணம் உண்டு. ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

ஸ்கேன்லயே கட்டின்னு தெரிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு ஊசி குத்திச் சதை எடுக்கணும்?

ஸ்கேனில் தெரிவது கட்டியின் உருவம். அது கேன்சரா என்பது செல்லைப் பார்த்தால்தான் தெரியும். திரையில் நான் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். வெறும் நீர்க்கட்டி என்றால் உட்புறம் முழுக் கறுப்பாக, ஓரம் வழவழப்பாக இருக்கும், அதற்குப் பின்னால் உள்ள பகுதி கூடுதல் வெளுப்பாகத் தெரியும். இளம்பெண்களுக்கு வரும் சாதாரண நார்க்கட்டி பெரும்பாலும் படுத்தவாக்கில், முட்டை வடிவில் இருக்கும். ஓரம் முள்முள்ளாக, அகலத்தைவிட உயரம் அதிகமாக, பின்னால் நிழல் விழுந்திருந்தால் ஸ்கேன் பார்க்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்டின் முகம் மாறும். ஆனால் அதுவும் சந்தேகம்தான், தீர்ப்பு ஆகாது.

இந்தச் சந்தேகத்தின் அளவைத்தான் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று நம்பர் போட்டு எழுதுகிறார்கள். 3 என்றால் கேன்சராக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. நடுவிலுள்ள 4 என்பது 2-இலிருந்து 95 வரை பரந்து கிடக்கிறது. 4 என்று பார்த்ததுமே வீட்டில் ஒப்பாரி வைப்பதும் தப்பு, "5 இல்லையே" என்று ஊருக்குத் திரும்புவதும் தப்பு. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை, அதாவது பயாப்ஸியை, பண்ணிக்கொள்ள வேண்டும்.

ஏ பிள்ள, ஊசி குத்துனா கட்டி கலங்கி உடம்பெல்லாம் பரவிரும்னு எங்க ஊர்ல சொல்லுதாங்களே?

ஆச்சி, இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கட்டி முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மார்பகக் கட்டியில் பயாப்ஸி ஊசியால் நோய் பரவி உயிருக்கு ஆபத்தாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த வகைக் கேன்சர், எந்த மருந்து பிடிக்கும் என்பதெல்லாம் அந்த ஊசியில் வரும் சதையை வைத்துத்தான் முடிவாகிறது.

ஆண்களின் விரை, பெண்களின் சினைப்பை போன்ற சில இடங்களில் மட்டும், கேன்சர் என்று சந்தேகம் வந்தால் டாக்டர்களே பொதுவாக ஊசியைத் தவிர்த்து ஆபரேஷனுக்குப் போவார்கள். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது அவர்கள் படித்த படிப்பு.

அந்த வீடியோல சொல்ற ஒளிரும் மருந்துன்னா என்ன? உள்ள போய் பல்பு மாதிரி எரியுமா?

தானாக எரியாது. நாம் ஒரு நிற ஒளியை அடித்தால் அதை வாங்கிக்கொண்டு வேறொரு நிறத்தில் திருப்பித் தரும். அடிக்கிற ஒளியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அதிகம் பயன்படுவது இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி. 1959 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டுவரும் பழைய சாயம். பாட்டிலில் பச்சையாக இருக்கும். ஆனால் அது திருப்பித் தருவது 800 நானோமீட்டருக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலைநீள அளவு) மேற்பட்ட அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென உள்ள கேமரா வழியாகத் திரையில்தான் பார்க்க முடியும். வீடியோக்களில் கட்டி பச்சைப்பசேலென்று மின்னுவது கம்ப்யூட்டர் பூசிய நிறம்.

பெட் ஸ்கேன்லயும் கட்டி மின்னுதுன்னு டாக்டர் காட்டினாரு. அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் உள்ள குளுக்கோஸ். கேன்சர் செல்கள் அதை அதிகமாக உறிஞ்சும், அங்கிருந்து வரும் காமா கதிரை மெஷின் பிடிக்கும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும், அதனால்தான் ஊசி போட்ட பிறகு கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் சற்று விலகி இருக்கச் சொல்கிறார்கள். ஐசிஜியில் கதிரியக்கம் கிடையாது. காமா கதிர் உடம்பை ஊடுருவி வெளியே வந்துவிடும், ஒளியால் அது முடியாது. ஏன் முடியாது என்பதுதான் அடுத்த கேள்வி.

அப்படின்னா வெளிய இருந்தே அந்த லைட்டை அடிச்சு உள்ள இருக்கிற கட்டியைப் பாத்துடலாமே, சவுண்டு எதுக்கு நடுவுல?

இருட்டறையில் உங்கள் போன் டார்ச்சின் மேல் விரலை வையுங்கள். விரல் முழுவதும் சிவப்பாகத் தெரியும், ஆனால் உள்ளிருக்கும் எலும்பின் வடிவம் தெரியாது. ஒளி விரலைத் தாண்டி வருகிறது, அதுவும் சிவப்பு மட்டும்தான், ஏனென்றால் நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடித்துவிடுகிறது. வருகிற சிவப்பும் நேராக வருவதில்லை. சதைக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே ஒளி தான் வந்த திசையை மறந்துவிடுகிறது.

ரத்தமும் தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் ஒளி 650 முதல் 900 நானோமீட்டர் வரை. ஐசிஜியை டாக்டர்கள் விரும்புவது இதனால்தான். அதிலும்கூட, தோலுக்கு மேலிருந்து கேமரா வைத்துப் பார்த்தால் ஒரு செ.மீ. ஆழம் தாண்டுவதற்குள் எல்லாம் மங்கல். கட்டியிலிருந்து வந்த ஒளி உங்கள் தோலில் அகலமாகப் பரவித் தெரியுமே ஒழிய, எத்தனை ஆழத்தில், எந்த இடத்தில் என்று சொல்லாது. ஒலியோ சதைக்குள் ஒளியைவிட மிக மிகக் குறைவாகச் சிதறும். முதல் பதிலில் சொன்ன நேரக் கணக்கு கலையாமல் பல செ.மீ. ஆழம் வரை நிற்கும்.

ஒளிக்கு 'என்ன' என்று தெரியும், 'எங்கே' தெரியாது. ஒலிக்கு 'எங்கே' தெரியும், 'என்ன' என்பது சரியாகத் தெரியாது. இரண்டையும் சேர்க்க ஆராய்ச்சியாளர்கள் பாடுபடுவது இதற்காகத்தான்.

சரி, ரெண்டையும் எப்படிச் சேக்கிறாங்க?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒளியை அனுப்பி ஒலியாக வாங்குவது. நொடியில் கோடிக்கணக்கான பங்கில் ஒரு பங்கே நீடிக்கும் லேசர் துடிப்பை அடித்தால், அதை உறிஞ்சிய ரத்தம் நூலளவு சூடாகி விரிந்து மெல்லிய அல்ட்ராசவுண்டை எழுப்பும். அதை ப்ரோப் கேட்கும். ஒளி சிதறிப் போனாலும் பரவாயில்லை, திரும்பி வருவது ஒலி என்பதால் இடம் துல்லியமாகத் தெரிகிறது. ஒளி பட்டால் ஒலி எழும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-லேயே கண்டார். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் வெவ்வேறு நிறத்தை உறிஞ்சுவதால், கட்டியைச் சுற்றிப் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களையும் அவற்றில் ஆக்சிஜன் குறைந்திருப்பதையும் சாயம் ஏற்றாமலே பார்க்கலாம். மார்பகத்துக்கான இப்படிப்பட்ட ஒரு மெஷினுக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது.

இரண்டாவது, ஒளிக்கு ஒலியால் அடையாளம் வைப்பது. உடம்புக்குள் ஒரு புள்ளியில் அல்ட்ராசவுண்டைக் குவித்தால், அதன் வழியாகப் போகும் ஒளியின் அதிர்வெண் துளி மாறும். மாறியதை மட்டும் பிரித்தெடுத்தால் அது அந்தப் புள்ளி வழியாக வந்த ஒளி என்று தெரியும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அடையாளம் பெற்ற ஒளி மிகமிகச் சொற்பம். ஒளிரும் சாயத்தின் ஒளியில் இதைச் செய்வது இன்னும் கடினம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாயத்தை, சூடு பட்டால் சுருங்கும் நுண்ணிய பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரியான பொருள்) துகள்களுக்குள் அடைத்து ஏற்றுகிறார்கள். சாதாரண உடல் சூட்டில் துகளுக்குள் தண்ணீர் இருக்கும், சாயம் மங்கிக் கிடக்கும். அல்ட்ராசவுண்டை ஒரு புள்ளியில் குவித்துச் சில டிகிரி சூடேற்றினால், அங்குள்ள துகள் மட்டும் சுருங்கித் தண்ணீரை வெளியேற்றும், சாயம் பளிச்சென்று ஒளிரும். வெளியே இருக்கும் கருவி, சூடேற்றுவதற்கு முன் வந்த ஒளியையும் பின் வந்த ஒளியையும் கழித்துப் பார்க்கும். கூடுதலாக வந்த ஒளி எவ்வளவு சிதறி வந்தாலும் கவலை இல்லை, கிளம்பிய புள்ளி எது என்பது ஒலியைக் குவித்தவருக்குத் தெரியுமே. அடுத்த புள்ளிக்கு நகர்ந்து இதையே திரும்பச் செய்து படம் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்லிங்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோக்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஆய்வுக்கூட வேலையைத்தான் காட்டுகின்றன.

எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் ஸ்கேன்ல குமிழி ஊசி போட்டாங்க. அதுவும் ஒளிரும் மருந்தா?

அது ஒளிராது, ஒலிக்கான மருந்து. ரத்தச் சிவப்பணு அளவே உள்ள வாயுக் குமிழிகள், மேலே கொழுப்புத் தோல். அல்ட்ராசவுண்ட் பட்டதும் அதிர்ந்து வலுவான எதிரொலி தரும். ஈரல் கேன்சர் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில் சுற்றியுள்ள ஈரலைவிடப் பளிச்சென்று நிறைந்து, பிறகு மெல்ல மங்கும். டாக்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தது அதற்காகத்தான். வாயு மூச்சு வழியாகவே வெளியேறிவிடும், கிட்னிக்கு வேலை இல்லை.

அந்தச் சவுண்டு-லைட்டு மெஷின்ல எங்க அம்மாவையும் மும்பைல பாத்துடலாமா?

சாதாரணமாகச் சீட்டு எழுதி அனுப்பும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. இன்று உங்கள் அம்மாவுக்குக் கிடைப்பது சோனோகிராஃபி, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., பிறகு பயாப்ஸி. ஒளிரும் சாயம் பயன்படுவது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில். உடம்பைத் திறந்துவிட்டால், முன்பு சொன்ன ஒளி சிதறும் பிரச்சினை பெருமளவு போய்விடுகிறது. மார்பகக் கேன்சரில் அக்குளில் முதலில் எந்த நிணநீர் முடிச்சுக்கு (நெறிக்கட்டி) நோய் போயிருக்கும் என்று தேட ஐசிஜி உதவுகிறது. மும்பையின் பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கேமராக்கள் இருக்கின்றன.

கட்டியையே தேடிப்போய் ஒட்டும் புதிய சாயங்களும் வந்திருக்கின்றன. பஃபோலாசியனின் என்ற சாயத்துக்கு அமெரிக்காவில் 2021-ல் சினைப்பைக் கேன்சருக்கும் 2022-ல் நுரையீரலுக்கும் அனுமதி தந்தார்கள். அது கட்டியின் செல்களில் ஃபோலேட் வைட்டமினைப் பிடிக்கும் வாங்கிகளில் ஒட்டுவதால், போடுவதற்கு 2 நாள் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும். 2024-ல் அனுமதி பெற்ற பெகுலிசியனின், மார்பகக் கட்டியை எடுத்த குழிக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் அதோடு உண்டு.

மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதோ குடிக்கக் குடுத்துட்டு வெயில்ல போகாதீங்கன்னாங்க. ஏன்?

அது 5-ஏஎல்ஏ. மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். க்ளையோமா என்ற மூளைக் கட்டியின் செல்கள் அதை ஒரு சிவப்பு ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும், நீல விளக்கில் கட்டி சிவப்பாகத் தெரியும். 2006-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில், சாதாரண விளக்கில் செய்தபோது கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது 36 சதவீதம் பேருக்கு, இப்படிச் செய்தபோது 65 சதவீதம் பேருக்கு. அதே பொருள் தோலிலும் கொஞ்சம் சேர்வதால் 24 முதல் 48 மணி நேரம் வெயிலும் கடும் விளக்கும் ஆகாது. ஜன்னலோரக் கட்டில் கிடைத்தால் திரையை இழுத்துவிடுங்கள்.

வாய்க்குள்ள நீல லைட்டு அடிச்சாங்க, ஒரு இடம் கறுப்பாத் தெரிஞ்சுதாம். அப்ப அது கேன்சர்தானா?

இங்கே கணக்கு தலைகீழ். வாயின் நல்ல தோல் நீல ஒளியில் தானாகவே லேசாகப் பச்சை ஒளிரும். செல்கள் கெட்டால் அந்த ஒளிர்வு போய் இருட்டாகத் தெரியும். ஆனால் பல் உரசிய புண், சாதாரண அழற்சி, ரத்தம் கூடிய இடம் எல்லாம்கூடக் கறுப்பாகத் தெரியும். எங்கே சதை எடுத்துப் பார்க்கலாம் என்று காட்ட உதவும் விளக்கு அது. புகையிலை, குட்கா, மாவா போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் எந்த விளக்குக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒளிர்ந்தா கேன்சர், ஒளிரலைன்னா இல்லை. இப்படி எடுத்துக்கலாமா?

கூடாது. ஐசிஜிக்குக் கேன்சரை அடையாளம் தெரியாது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் அங்கே கசிந்து தங்கும். வீக்கம் உள்ள எந்த இடத்திலும் அதே கசிவு நடக்கும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறிக் கெட்டியான ஈரலில் கேன்சர் இல்லாத முடிச்சுகளும் ஒளிர்வதுண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: ரத்த ஓட்டம் குறைந்த கட்டிக்குள் சாயமே போகாது. ஆழத்தில் இருந்தால் ஒளி வெளியே வராது. ஸ்கேனுக்கு நான் சொன்னதுதான் இதற்கும், முடிவு பயாப்ஸியில்.

எலிக்குச் சரியா வேலை செய்யுதுன்னு பேப்பர்ல போட்டாங்க. நமக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

எலியின் உடம்பு மொத்தமே இரண்டு மூன்று செ.மீ. தடிமன். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி அடித்தாலும் கட்டிக்குப் போய்ச் சேரும். மனித மார்பகமோ ஈரலோ அப்படி இல்லை. எலிக்குக் கட்டியை ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கிறார்கள், வேகமாக வளரும் அந்தக் கட்டியின் குழாய்கள் அதிகம் கசியும். மனிதருக்கு ஒரே கட்டியிலேயே ஒரு ஓரம் கசியும், மறு ஓரம் கசியாது.

இதில் மருந்து ஒன்று, மெஷின் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியாகவும் சேர்த்தும் பாதுகாப்பைக் காட்ட வேண்டும். பாலிமர் துகள் உடம்பில் எத்தனை நாள் தங்கும், எப்படி வெளியேறும்? சூடேற்றும்போது பக்கத்துச் சதைக்கு என்ன ஆகும்? காய்ச்சல் அடிக்கும் நோயாளிக்குத் துகள் எல்லாமே ஒளிர்ந்துவிட்டால்? இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் மனிதருக்கு ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எங்க அம்மாவுக்குக் கிட்னி சரியில்ல. சாயம் ஏத்தலாமா?

எந்தச் சாயம் என்று முதலில் கேளுங்கள். சி.டி. ஸ்கேன் சாயம் கிட்னி வழியாகப் போவதால் அதற்குத்தான் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார்கள். ஐசிஜி ஈரல் வழியாகப் பித்தத்தில் போகிறது. ஆனால் அதில் அயோடைடு கலந்திருக்கும், அதனால் ஒவ்வாமையைப் பற்றி யோசிக்க வேண்டும். முன்பு எந்த ஊசிக்காவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஃப்ளோரசின் என்ற இன்னொரு ஒளிரும் சாயம் போட்டால் மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

புது மெஷின் வர்ற வரைக்கும் பயாப்ஸியைத் தள்ளிப்போடலாமா? கட்டி வலிக்கவே இல்லையே.

வேண்டவே வேண்டாம். வலிக்காத கட்டியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். புது மெஷின் இல்லாமலே என்ன முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. டாடா மெமோரியல் டாக்டர்கள் 1998-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுப் பெண்கள் 1,51,538 பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பகுதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைச் சோதித்தார்கள். மேமோகிராம்கூடக் கிடையாது. 2021-ல் வந்த முடிவுப்படி, அவர்களிடம் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது, 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மார்பகக் கேன்சர் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தக் குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி புதுப் பரிசோதனைக்கு ஆராய்ச்சியில சேரச் சொன்னா சேரலாமா? நம்மள எலியாக்கிடுவாங்களோ?

சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளை சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, இந்தப் படத்தை வைத்து என் வைத்தியத்தை மாற்றுவீர்களா அல்லது வெறும் ஒப்பீட்டுக்கா, இதனால் என் ஆபரேஷன் தள்ளிப்போகுமா, சாயம் எப்படி வெளியேறும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ன் விதிகள் சொல்கின்றன. சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்தியில் நீட்டினால் தமிழில் கேளுங்கள், படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சி ஒருவர் முன்னால் படித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மகனிடமோ மருமகளிடமோ கலந்து பேச நேரம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையெழுத்துப் போட்ட பிறகு அதன் பிரதி ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும், அதையும் ஃபைலில் ரிப்போர்ட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.